ஆராய்ச்சிக் கட்டுரையும் அதன் வாசகரும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. மல்லிகையின் மணத்தைக் காற்றே சுமந்து செல்லும்; ஆகவே பூக்கடைக்கு அது பொருந்தும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அது பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கட்சி. கட்டுரைக்கு மணம் கிடையாது. அதை ஒருவர் தேடி எடுத்துப் படித்தாலொழிய, அது உலகில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

நம் நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைகள் கணக்கில் அடங்கா. அவற்றுள் எத்தனையோ கட்டுரைகளை எழுதியவரும், பத்திரிகைக்காகச் சரிபார்த்தவரும், அச்சுப்பிழை திருத்தியவரும் தவிர நான்காவது மனிதர் எவரும் படிப்பதில்லை. இதைக் கேட்டுச் சில பேராசிரியர்கள், "ஆராய்வது எங்கள் கடமை, பறைசாற்றுவது எங்கள் வேலை அன்று" என்று விடை பகர்வதுண்டு. அடக்கம் நல்ல குணந்தான். ஆயினும் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் பொதுமக்கள். அதன் பயன் அவர்களைச் சேரவேண்டுமானால், அது முதலில் அடுத்த ஆய்வாளரின் கைக்குச் சென்று சேரவேண்டும். ஆகையால், கட்டுரையைப் பிறர் காணச்செய்வது தற்பெருமை ஆகாது. ஆராய்ச்சியின் கடைசிப் படி அதுவே என்று நான் கருதுகிறேன்.

ஒரு கட்டுரையைப் பிறர் படித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு அறிஞர் உலகில் கொள்ளப்படும் அடையாளம் மேற்கோள். இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவதில் பெரு விருப்பம் உடையவர்கள். யாப்பருங்கல விருத்தியைப் புரட்டிப் பார்த்தால், இன்று கிடைக்காத எத்தனையோ நூல்களின் செய்யுள்கள் அங்கே உதாரணங்களாக நிற்பதைக் காணலாம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. தொகை நூலிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட செய்யுள்களே எஞ்சின. 1959ஆம் ஆண்டில் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூலை வெளியிட்டபோது, அவருக்குச் சான்றாக நின்றவற்றுள் பெரும்பகுதி இத்தகைய மேற்கோள்களே. ஏட்டைச் செல் அரித்தது. எடுத்தாண்டவர் உரை காத்தது.

மேற்கோள்களை எண்ணி அட்டவணை இடுவது இருபதாம் நூற்றாண்டின் ஏற்பாடு. அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்காக 1873 முதலே ஓர் அட்டவணை வெளிவந்துகொண்டிருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின, எவை மறுத்தன என்பதை அதிலே பார்க்கலாம். யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் இதைக் கண்டு, விஞ்ஞானத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார். 1964இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையைத் தாமே வெளியிடத் தொடங்கினார். தேடுவோருக்கு உதவும் கருவியாகவே அது பிறந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மனிதர்களுக்கு மதிப்பெண் போடும் தராசாக அது பின்னர் ஆகிவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வங்காள மருத்துவரைப் பற்றிச் சொல்லவேண்டும். காலராக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரப்பதாலேயே நோயாளி மடிகிறான் என்று ராபர்ட் காக் 1884இல் ஊகித்தார். அந்த நஞ்சை ஐயமறக் காட்ட முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. காட்டியவர் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இருந்த சம்புநாத் டே. முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினால் அங்கே நீர் கோத்துக்கொள்கிறது என்பதை அவரும் அவருடைய துணைவரும் 1953இல் வெளியிட்டனர். பின்னர், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டுமே செலுத்தி, அப்போதும் அவ்வாறே நீர் கோப்பதை டே கண்டார். கிருமி இன்றியே விளைவு உண்டாகிறது என்றால், அதைச் செய்வது கிருமி சுரந்த நஞ்சே அல்லவா? 1959இல் இந்தச் செய்தி, உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது.

வெளிவந்தும் என்ன? தொடக்கத்தில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. காலராவைப் பற்றிய பழைய எண்ணங்கள் மாறிய பின்னரே அந்தச் சிறு கட்டுரையின் அருமை தெரியவந்தது. 1978இல் ஸ்டாக்ஹோமில் காலராவைப் பற்றி நடந்த நோபெல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். 1985இல் அவர் காலமானார். அதற்கு மறு ஆண்டு கார்ஃபீல்டே தம் அட்டவணைகளைக் கொண்டு காலரா ஆராய்ச்சியின் வரலாற்றை வரைந்து, அதில் டேயின் இடத்தை நிறுவினார். காலரா வந்தவன் நீரிழந்து சாகிறான். குடலில் நீர் எவ்வாறு வெளியேறுகிறது என்ற அறிவுக்கு இங்கே உயிரே விலை. பெயர் பெற்ற பத்திரிகையில் அச்சேறிவிட்டால் கட்டுரை தானே நடந்து போய்விடும் என்று நம்புவோர் சம்புநாத் டேயின் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

அதே கல்கத்தாவில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, நேர்மாறான ஒன்று நடந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் சர் சி. வி. இராமன் தம் பெயரால் இன்று வழங்கும் ஒளிச்சிதறலை உறுதியாகக் கண்டார். மறுநாளே செய்தி நாளிதழ்களுக்குச் சென்றது. 'நேச்சர்' பத்திரிகைக்குக் குறிப்புகள் பறந்தன. மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் அதைப் பற்றி விரிவுரை ஆற்றினார். அந்த விரிவுரை, அவரே தொடங்கி நடத்திவந்த 'இந்தியப் பௌதிகப் பத்திரிகை'யில் அந்த மாதக் கடைசிக்குள் அச்சாகியது. அதனுடன் அவர் நின்றுவிடவில்லை. கட்டுரையின் தனிப்பிரதிகளைக் கட்டுக்கட்டாக அச்சிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்துறையில் உழைத்த விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்ற இருவர் படிகங்களில் இதே நிகழ்ச்சியை ஏறக்குறைய அதே நாட்களில் கண்டிருந்தனர். அவர்களுடைய கட்டுரை வெளிவரச் சில மாதங்கள் சென்றன. அதற்குள் இராமன் விளைவு என்ற பெயர் பரவத் தொடங்கிவிட்டது. 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கு வந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், விரிவான கட்டுரை வெளியானது ஓர் இந்தியப் பத்திரிகையில். கல்கத்தாவில் அச்சான தாளை உலகம் தேடி வரவில்லை. இராமன் அதை உலகத்தின் வீட்டு வாயிலில் கொண்டுபோய்ப் போட்டார். இன்று தபால்தலை கூட ஒட்டவேண்டியதில்லை. தம் கட்டுரை யாருக்கு உண்மையில் பயன்படும் என்று எண்ணிப்பார்த்து, இருபது பேருக்கு இரண்டு வரிக் குறிப்புடன் மின்னஞ்சலில் அனுப்ப அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடுவோர் எத்தனை பேர்?

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவன் என்பதால் இன்னொரு கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ் ஒரு கட்டுரை எழுதி இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே அது அச்சேறவில்லை. 1924 ஜூன் மாதம் அதை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பி, தகுதியுடையது என்று தோன்றினால் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் வெளியிட உதவவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் பாராட்டுக் குறிப்பையும் சேர்த்து வெளியிடச் செய்தார். போஸும் மேகநாத் சாகாவும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தாவில் வெளியிட்டிருந்தனர். அந்தக் கடன் இப்படித் திரும்பி வந்தது எனலாம். அறிவாளி ஒருவரின் துணை கிடைக்காத போஸ்களுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

வழிகள் உண்டு, அவற்றுள் பல காசு செலவில்லாதவை. முதலாவது, தலைப்பு. நல்கொண்டா மாவட்டத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதை ஒருவர் ஆராய்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். "நிலத்தடி நீர் குறித்த சில கூறுகள்: ஓர் ஆய்வு" என்று அவர் தலைப்பிட்டால், அந்தக் கட்டுரை தண்ணீரில் கரைத்த பெருங்காயந்தான். ஃபுளோரைடைத் தேடுபவருக்கு அது கிட்டாது. நல்கொண்டாவைத் தேடுபவருக்கும் கிட்டாது. பொருள், இடம், கண்ட முடிவு ஆகியவை தலைப்பிலேயே நிற்கவேண்டும். இன்று தேடுவது கணினி. அது குறிப்பறிந்து கொள்ளாது, சொன்ன சொல்லையே பிடிக்கும்.

அடுத்தது சுருக்கம். ஆய்வுச் சுருக்கங்களை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு அவ்வப்போது வருவதுண்டு. "இக்கட்டுரையில் ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது, முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்ற வாக்கியத்தை எத்தனை முறை பெயர்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்ன முயற்சி, என்ன முடிவு என்று சொல்லாத சுருக்கம், விலாசம் எழுதாத கடிதத்தைப் போன்றது. பெரும்பாலோர் படிப்பது சுருக்கத்தை மட்டுமே. எத்தனை கிணறுகள், எந்த மாதங்கள், எவ்வளவு ஃபுளோரைடு என்பதை எண்களோடு ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லிவிட்டால், முழுக் கட்டுரையைத் திறப்பதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்துகொள்வார். சுருக்கத்தின் அடியில் இடும் குறிச்சொற்களும் அப்படியே. தலைப்பில் வந்த சொற்களையே மறுபடி எழுதாமல், அதே பொருளுக்குப் பிறர் வழங்கும் வேறு சொற்களை அங்கே இடுவது புத்திசாலித்தனம்.

பெயர் விஷயம் தென்னாட்டாருக்குத் தனித் தொல்லை. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும்தான் உண்டு. மேல்நாட்டு அட்டவணைக்காரர் எது குலப்பெயர், எது இடுபெயர் என்று அறியாமல் ஒரே மனிதரை மூன்று இடங்களில் வைத்துவிடுகிறார். அல்லது மூன்று மனிதரை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறார். எஸ். சந்திரசேகர் என்ற பெயரைப் பாருங்கள். விண்மீன்களின் பௌதிகத்துக்காக 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் எஸ். சந்திரசேகரே. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் எஸ். சந்திரசேகரே. முன்னவர் சர் சி. வி. இராமனின் தமையன் மகன். பின்னவர் சகோதரி மகன்! இருவர் துறையும் பௌதிகம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2012 முதல் 'ஆர்க்கிட்' என்ற பதினாறு இலக்க எண்ணை ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்குகிறார்கள். அதை ஒருமுறை பெற்றுக்கொண்டு, எல்லாக் கட்டுரைகளிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவந்தால் பாதித் தொல்லை ஒழியும். 'சுப்பிரமணியன்' என்ற பெயரை ஒரு கட்டுரையில் ஒருவிதமாகவும், மறு கட்டுரையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு எந்த எண்ணும் முழுதாக உதவாது. கல்லூரியின் பெயருக்கும் இதே விதிதான்.

அந்தச் சிவராமகிருஷ்ண சந்திரசேகரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகக்கூடும் என்பதை அவரும் இரு துணைவர்களும் 1977இல் கண்டபோது, அதை வெளியிட்ட இடம் பெங்களூரிலிருந்து வரும் 'பிரமாணா' என்ற நம் நாட்டுப் பத்திரிகை. உலகெங்கும் அத்துறையினர் இன்றளவும் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி வருகின்றனர். உள்நாட்டுப் பத்திரிகையில் எழுதினால் எவரும் பாரார் என்ற பேச்சுக்கு இது நல்ல மறுப்பு. பத்திரிகை எங்கிருந்து வருகிறது என்பதைவிட, கட்டுரை எளிதில் கைக்குக் கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

கைக்குக் கிடைக்கச் செய்வதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். 1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற அமெரிக்கப் பௌதிக அறிஞர், அச்சாகும் முன்பே கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி வைக்கும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆர்க்கைவ்' என்று அதற்குப் பெயர். பௌதிகத்திலும் கணிதத்திலும் இருப்போர் காலையில் காபி அருந்துவதற்கு முன்பே அதைத் திறந்து பார்க்கிறார்கள். நம் நாட்டில் மைய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் ஒரு கொள்கையை வெளியிட்டன. அத்துறைகளின் பணத்தால் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஏட்டில் உள்ள இந்த விதியைப் பலர் அறிந்திருப்பதாகவே தெரியவில்லை. வெளியீட்டாளரோடு செய்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால், அச்சுக்கோத்த பிரதியை இல்லாவிட்டாலும், ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் பிரதியையாவது களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலும் இடம் இருக்கும்; சிலர் மட்டும் சில மாதங்கள் பொறுக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் படிப்பவர் யார்?

2024 நவம்பரில் மைய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை 6,300 அரசுக் கல்வி நிலையங்களும் ஆய்வுக்கூடங்களும் படிக்க வகைசெய்த திட்டம் அது. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவனுக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது பிறர் எழுதியதை நாம் படிக்கும் வழி. நாம் எழுதியதைப் பிறர் படிக்கும் வழி அன்று. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பலர் மகிழ்வதைக் காண்கிறேன்.

இனிக் கோணல் வழிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை, இத்தனை மேற்கோள் என்று கணக்கு வைத்த நாள் முதல், கணக்கை மட்டும் நிரப்பித் தரும் கடைகளும் தோன்றிவிட்டன. பணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சிடும் பத்திரிகைகள் உள்ளன. கலைப்பட்டம் பெற்ற மொழிபெயர்ப்பாளனாகிய என்னையே, புற்றுநோய் அறுவைச் சிகிச்சைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் சேரும்படி அழைத்துக் கடிதம் வந்திருக்கிறது! நல்ல வேளையாக, நோயாளிகளுக்கு என்னால் தீங்கு ஒன்றும் நேரவில்லை. இவற்றைத் தவிர, நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற உடன்படிக்கைகளும், தம் பழைய கட்டுரைகளைத் தாமே வேண்டாத இடங்களிலெல்லாம் காட்டிக்கொள்வதும் உண்டு. தொடர்ச்சியான ஆய்வில் தம் முந்தைய கட்டுரையைக் காட்டுவது முறையே. ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாம், அதையே சோறாக உண்ணலாகாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி, ஒரே நிறுவனக் குழுமத்தின் பத்திரிகைகளில் முறைகேடான சரிபார்ப்பால் நுழைந்தவை. அப்படி நீக்கப்பட்ட கட்டுரையின் மேல் ஒட்டப்படும் முத்திரை எல்லோர் கண்ணிலும் படும். அதுவும் ஒருவகைப் புகழே. எவரும் விரும்பாத புகழ்.

எண்ணிக்கையே தகுதி என்று கொள்வதும் பிழை. சி. ஆர். ராவ் தமது இருபத்தைந்தாம் வயதில், 1945இல், 'கல்கத்தா கணிதச் சங்கப் பத்திரிகை'யில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளியியல் பயில்வோர் அனைவரும் அறிந்த கிராமர்-ராவ் எல்லையும், ராவ்-பிளாக்வெல் தேற்றமும் அதிலிருந்து தோன்றியவை. இன்று அவற்றைக் கையாளும் மாணவன் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே எழுதுகிறான். இராமன் விளைவைப் பயன்படுத்தும் ரசாயன நிபுணரும் 1928ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் இடுவதில்லை. மிகப் பெரிய கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாகி, மேற்கோள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. 2023இல், நூற்றிரண்டு வயதில், ராவ் அவர்களுக்கு அனைத்துலகப் புள்ளியியல் பரிசு அந்த 1945 கட்டுரையைச் சுட்டியே வழங்கப்பட்டது; அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். எழுபத்தெட்டு ஆண்டுகள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த கணக்குப் பிள்ளை எவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கடைசியாக, நம் மொழிகளில் எழுதப்படும் ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை ஒட்டி, பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் சேர்க்கும் 'சோத்கங்கா' என்ற களஞ்சியம் குஜராத்தின் காந்திநகரிலிருந்து இயங்கிவருகிறது. தமிழ், இந்தி, கன்னடம், மராத்தி முதலிய மொழிகளில் எழுதிய ஏடுகளும் அதில் உண்டு. ஆனால் கர்நாடகக் கரையோர மீனவர் வாழ்வைப் பற்றிக் கன்னடத்தில் எழுதியவரைத் தமிழ்நாட்டில் அதே துறையில் உழைப்பவர் அறியார். அவர் பங்குடெ என்பார்; இவர் கானாங்கெளுத்தி என்பார்; மலையாளி அயல என்பார். ஒரே மீனைத் தேடும் மூவர், ஒருவரையொருவர் காணாமலே போய்விடுகின்றனர். ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமும், அதில் அந்த மீனின் விஞ்ஞானப் பெயரும் இருந்தால் மூவரும் ஓரிடத்தில் சந்திப்பார்கள். அந்தப் பெயர் ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்தா. அதில் முதற்பகுதிதான் லத்தீன் சாயல் கொண்டது. 'கனகுர்தா' என்பது விசாகப்பட்டினத்து மீனவர் வழங்கிய தெலுங்குச் சொல். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் அக்கரையோர மீன்களைப் பற்றி 1803இல் வெளியிட்ட நூலில் அதை அப்படியே எழுதிவைத்தார். பாரிஸிலிருந்த குவியே அதைப் படித்து 1816இல் தம் நூலில் எடுத்தாண்டார்.